புத்தகப் பை, உடல், போன்: பாடசாலைச் சோதனைக்கு எல்லை எங்கே?

கேட்கப்பட்ட கேள்வி இது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் அரசாங்கப் பாடசாலை. தரம் 10 வகுப்பு முழுவதையும் விறாந்தையில் நிறுத்தி, ஆண் ஆசிரியர் ஒருவரும் மாணவத் தலைவர்களும் பைகளைக் கொட்டிச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் நப்கின் பொதி எல்லோர் முன்னும் விழுந்தது. இன்னொரு பிள்ளையின் போனை வாங்கித் திறந்து படங்களைப் பார்த்தார்கள். வகுப்புக்குள் போதைக் குளிசை வந்திருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். இதைச் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? தாய் தகப்பன் என்ன செய்யலாம்?

பையைப் பார்ப்பது வேறு, உடம்பில் கை வைப்பது வேறு, போனைத் திறப்பது வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாடசாலையும் பிழை விடுகிறது, பெற்றோரும் பிழையான இடத்தில் சண்டை பிடிக்கிறார்கள். இன்னொன்றை முதலிலேயே சொல்லவேண்டும்: அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாத அவகாசம்தான். உங்கள் பிள்ளைக்கு நடந்து அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்தால், கீழே முறைப்பாடு பற்றிய பகுதியை முதலில் வாசியுங்கள்.

இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டம்தான் வரும். நியூ ஜெர்சியில் 14 வயது மாணவியின் கைப்பையைச் சோதித்த வழக்கில் 1985இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பாடசாலைக்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்றது. அரிசோனாவில் வலி மாத்திரை தேடி 13 வயதுப் பிள்ளையின் உள்ளாடை வரை பார்த்தது அரசியலமைப்புக்கு முரண் என்று 2009இல் தீர்த்தது. தேடும் பொருளின் ஆபத்துக்கும் தேடும் விதத்துக்கும் பொருத்தம் வேண்டும் என்ற அந்த அளவுகோல் நல்லது, அதிபரோடு பேசும்போது எடுத்துக் காட்டலாம். ஆனால் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ நீதவான் முன்னால் அது சட்டமாகாது. சோதனைக்கு எதிரான தனி உறுப்புரை அமெரிக்க அரசியலமைப்பில் இருக்கிறது. எங்கள் 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் அப்படி ஒன்று இல்லை, தனியுரிமையும் அங்கே தனி உரிமையாக எழுதப்படவில்லை. இன்னொரு வேறுபாடு பலரை ஏமாற்றுகிறது. சட்டவிரோதமாகத் தேடி எடுத்தால் அந்தச் சான்று செல்லாது என்று நினைக்கிறார்கள். இலங்கையில் அந்த ஒரு காரணத்துக்காகச் சான்று தானாகத் தள்ளப்படுவதில்லை. பிழையான முறையில் சோதித்தாலும், பைக்குள் இருந்த ஐஸ் என்ற போதைப்பொருள் போதைப்பொருள்தான். சோதித்த விதம் பற்றிய முறைப்பாடு வேறு பாதையில் போகும்.

சரி, எங்கள் பக்கம் என்ன இருக்கிறது? 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தில் பிள்ளையின் உடம்பைச் சோதிக்க ஆசிரியருக்கு அதிகாரம் தரும் பிரிவு கிடையாது. பாடசாலை நேரத்தில் ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார் என்ற கொள்கை, பாடசாலையின் ஒழுக்க விதிகள், கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள், இவற்றில்தான் அவர்கள் சாய்ந்து நிற்கிறார்கள். ஒரு நல்ல தகப்பன் தன் பிள்ளையின் பையை எப்படிப் பார்ப்பானோ அந்த அளவுக்கு அது தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

எல்லையைப் போடும் சட்டங்கள் தெளிவானவை. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை எவரையும் கொடூரமாகவோ இழிவாகவோ நடத்தக்கூடாது என்கிறது. 12(1) சட்டத்தின் சமமான பாதுகாப்பைத் தருகிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயச் சட்டம், 5(2)ஆம் பிரிவில் பிள்ளைகள் தொடர்பான எல்லா விடயங்களிலும் பிள்ளையின் நலனே மேலானது என்கிறது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கிறது, 28(2) பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மானத்துக்கு இசைவாக இருக்கவேண்டும் என்கிறது. இவை புத்தகத்தோடு நிற்பவை இல்லை. ஆசிரியர் அடித்ததால் மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட 97/2017ஆம் இலக்க வழக்கில், 2021 பெப்ரவரி 12 அன்று எங்கள் உயர் நீதிமன்றம் அந்த அடியை 11ஆம் உறுப்புரையின் மீறல் என்று தீர்த்து நட்டஈடு கொடுக்கச் சொன்னது. ஒழுக்கம் என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அந்தத் தீர்ப்பு போதும்.

இனிப் பை. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, மே மாதம் பாடசாலைகள் திறந்தபோது வாசலில் பை பார்ப்பது வழமையாகிப் போனது, பெற்றோரே முறை வைத்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி, காரணம் சொல்லி, வாசலில் பை திறந்து பார்ப்பதைச் சட்டவிரோதம் என்று வாதாடுவது கடினம். அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். சட்டம் கடிப்பது செய்த விதத்தில்தான். முறையாகச் செய்வதென்றால் இப்படி: ஒரு தனி அறையில் மேசை. பிள்ளை தன் பையைத் தானே திறந்து, தன் கையாலேயே கொப்பிகளையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக மேசையில் வைக்கவேண்டும். பெண் பிள்ளை என்றால் எதிரில் ஓர் ஆசிரியை, பக்கத்தில் இன்னோர் ஆசிரியை. கொப்பிக்குள் இருக்கும் கடிதத்தை வாசிப்பதில்லை, ஏனென்றால் குளிசை கடிதத்துக்குள் எழுதப்பட்டிருக்காது. நப்கின் பொதியை மேலால் தொட்டுப் பார்த்தால் போதும், பிரிக்கவேண்டிய தேவை இல்லை. முடிந்ததும் பிள்ளையே திரும்ப அடுக்கவேண்டும். சம்பவத்திரட்டில் திகதி, நேரம், காரணம், இருந்தவர்கள் பெயர், கிடைத்தது அல்லது ஒன்றும் கிடைக்கவில்லை என்ற குறிப்பு. ஒரு பைக்கு ஐந்து நிமிடம்கூடப் போகாது. விறாந்தையில் கொட்டுவது எந்த வகையிலும் இதைவிட விரைவானதும் இல்லை, அதில் கலந்துபோன பொருட்களில் எது யாருடையது என்பதைப் பிறகு நிரூபிக்கவும் முடியாது.

மாணவத் தலைவர்கள் சோதிக்கக்கூடாது. அவர்களும் பிள்ளைகள். பெற்றோரின் இடத்தில் நிற்கும் பொறுப்பு ஆசிரியருக்கு உரியது, 17 வயது மாணவனிடம் அதைக் கைமாற்ற முடியாது. ஏதாவது காணாமல் போனாலோ, யாராவது ஒரு பிள்ளையைத் தொட்டாலோ, பொறுப்பு அவர்களை ஏவிய ஆசிரியர் தலையில்தான் விழும். அதிபர்கள் இதைக் கவனித்தால் பாதிப் பிரச்சினை எழும்பாது.

உடம்பு என்று வரும்போது விட்டுக்கொடுப்பு இல்லை. சட்டைப் பையைப் பிள்ளையே வெளியே இழுத்துக் காட்டலாம். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிக் காட்டச் சொல்லலாம். ஆசிரியர் உடம்பைத் தடவிப் பார்க்கவோ, உடுப்பைக் கழற்றச் சொல்லவோ கூடாது, அது ஆசிரியையாக இருந்தாலும் சரி. பொலிசுக்குக்கூட ஒரு பெண்ணைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தைக் கண்டிப்பாகக் காத்துத்தான் சோதிக்கவேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கட்டிப்போட்டிருக்கிறது. அந்த அதிகாரமே இல்லாத ஆசிரியருக்கு அதைவிடக் கூடிய இடம் எங்கிருந்து வரும்? தொட்ட விதம் பாலியல் தன்மையாக இருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது, ஐந்து வருடம் வரை சிறை. பொறுப்பில் இருக்கும் பிள்ளையை வேண்டுமென்றே துன்புறுத்தினால் 308அ, குறைந்தது இரண்டு வருடம், கூடியது பத்து. ஒழுக்கத்துக்காகச் செய்தேன் என்பது இதற்கு மறுமொழி ஆகாது.

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் இதோடு சேர்ந்தே வரும் கேள்வி பர்தா. பரீட்சை மண்டபத்தில் காதில் புளூடூத் இருக்கிறதா என்று பார்க்க மேற்பார்வையாளர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, மண்டபத்துக்குள் போன் வகை எதுவும் கொண்டுபோக முடியாது. ஆண்கள் முன்னால் பர்தாவைக் கழற்று என்பதில் நியாயம் இல்லை, சமய அனுட்டானத்துக்கான 14(1)(உ) உறுப்புரையும் அங்கே வருகிறது. 2024இல் திருகோணமலையில் உயர்தரப் பரீட்சை எழுதிய முஸ்லிம் மாணவிகளின் பெறுபேறுகள், காது மறைந்திருந்தது என்ற காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டுப் பிறகுதான் வெளியாகின. அந்த வேதனைக்கு இடம் வைக்காத வழி ஒன்று உண்டு. பிள்ளை அரை மணித்தியாலம் முன்னதாகப் போய், பெண் மேற்பார்வையாளரிடம் தனி அறையில் காதைக் காட்டிவிட்டு வரட்டும். பார்த்தாயிற்று என்று குறித்துக்கொள்ளச் சொல்லட்டும். வினாத்தாள் கொடுத்த பிறகு கேட்டால் பிள்ளையின் நேரமும் மனமும் இரண்டும் போகும்.

போன். கொண்டுவரக்கூடாது என்ற விதியை மீறிக் கொண்டுவந்தால் ஆசிரியர் வாங்கி வைக்கலாம். வாங்கினால் எழுத்தில் ஒரு துண்டு, எந்த போன், எப்போது, யார் வாங்கியது என்று. போனை அணைத்து, ஓர் உறைக்குள் போட்டு, பெற்றோரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கவேண்டும். அது பிள்ளையின் அல்லது பெற்றோரின் சொத்து. காலைக்கூட்டத்தில் எல்லோர் முன்னும் உடைப்பது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றம்.

வாங்குவதற்கும் திறப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரம் இல்லையென்று தெரிந்துகொண்டே கணினிக்குள் இருக்கும் தகவலை அணுகுவதைக் குற்றமாக்குகிறது, இன்றைய போன் ஒரு கணினிதான். கடவுச்சொல்லைச் சொல், விரலை வை என்று கட்டாயப்படுத்த ஆசிரியருக்கு அதிகாரம் இல்லை. பிள்ளை சொல்லவேண்டியது ஒரு வசனம்தான்: "சேர், போனைத் தாறன், அம்மா வந்த பிறகு திறப்பம்." மரியாதையும் குறையாது, உரிமையும் போகாது. போனுக்குள் பாரதூரமான விடயம் இருப்பதாகச் சந்தேகம் என்றால் பூட்டியபடியே பெற்றோர் முன்னிலையில் பொலிசாரிடம் கொடுப்பதுதான் பாடசாலைக்கும் பாதுகாப்பு. அங்கே ஒரு பொறி இருக்கிறது. பிள்ளை ஒன்றின் ஆபாசப் படம் கண்ணில் பட்டால், சான்றுக்கு என்று சொல்லித் தன் போனுக்கு அனுப்பிக்கொள்ளும் ஆசிரியர் தானே தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவுக்குள் விழுந்துவிடுவார். பார்த்த இடத்தில் நிறுத்தவேண்டும், பிரதி எடுக்கவே கூடாது.

உண்மையிலேயே குளிசையோ ஐஸோ கிடைத்தால்? இது மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் கற்பனைப் பயம் இல்லை, ஆசிரியர்களின் பதற்றம் விளங்கக்கூடியது. ஆனால் பதற்றத்தில் செய்யும் முதல் பிழை, எடுத்து அலுமாரிக்குள் பூட்டி, இரண்டு நாள் ஒழுக்காற்றுக் குழு கூட்டுவது. அந்த இரண்டு நாளும் அந்தப் பொருள் ஆசிரியரின் உடைமையில் இருக்கிறது, வைத்திருப்பதே குற்றம். பிறகு அது அந்தப் பிள்ளையின் பையில்தான் இருந்ததென்று காட்டவும் முடியாது. இரண்டு பெரியவர்கள் முன்னிலையில், கிடைத்த இடத்திலிருந்து ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே இருவரும் கையெழுத்து வைத்து, நேரம் எழுதி, பெற்றோருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பதுதான் சரி. பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்கக்கூடாது. தன் கண் முன்னால் பிடிவிறாந்து இன்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் செய்தவரைப் பொதுமகன் பிடிக்கலாம் என்று நடவடிக்கைமுறைக் கோவையின் 35ஆம் பிரிவு சொல்வது உண்மை, தாமதமின்றிப் பொலிசிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. மணித்தியாலக் கணக்கில் அடைத்துவைத்து விசாரிப்பது அதற்குள் வராது.

பொலிஸ் வந்த பிறகு விதிகள் மாறும். பிடிப்பதற்கான காரணத்தைச் சொல்லவேண்டும், அது அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை. 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது, 12க்கும் 14க்கும் இடையில் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்து நீதவான்தான் முடிவு செய்வார். தாய் தகப்பன் வரும்வரை வாக்குமூலம் எடுக்கவேண்டாம் என்று அதிபர் பொலிசாரிடம் கேட்கவேண்டும், கேட்பது அவருடைய கடமை.

இந்த நேரத்தில்தான் ஒப்புதல் கடிதம் வரும். "எழுதித் தந்தால் விட்டிடுவம், இல்லாட்டிப் பாடசாலையை விட்டு நிப்பாட்டுவம்" என்பார்கள். அதிகாரத்தில் இருப்பவர் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஒதுக்கிவைக்கிறது, பொலிஸ் உத்தியோகத்தருக்குச் சொன்ன ஒப்புதலை 25ஆம் பிரிவு. ஆனாலும் அந்தத் தாள் ஒழுக்காற்றுக் கோவையில் கிடந்து பிள்ளையின் நற்சான்றுப் பத்திரம் வரை பின்தொடரும். ஆகவே கையெழுத்து வேண்டாம். சோதனைக்கு மறுத்தது குற்றத்தை ஒத்துக்கொண்டதாகாது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற நாட்டில், பிள்ளையையும் பெற்றோரையும் விசாரிக்காமல் அன்றைக்கே பெயரை வெட்டி அனுப்பவும் முடியாது.

இப்போது முறைப்பாடு. சம்பவம் நடந்த அன்றிரவே பிள்ளையின் வாயால் வந்ததை எழுதுங்கள். சொன்ன சொற்களையே எழுதுங்கள், அலங்காரம் வேண்டாம். அதிபருக்குக் கொடுக்கும் கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"செவ்வாய்க்கிழமை காலை 10.20 மணியளவில், தரம் 10 வகுப்பறைக்கு முன்னுள்ள விறாந்தையில், ஆண் ஆசிரியர் ஒருவர் என் மகளின் புத்தகப் பையை வாங்கி நிலத்தில் கொட்டினார். மூன்று மாணவத் தலைவர்கள் பொருட்களைக் கிளறினர். அவளுடைய நப்கின் பொதி வகுப்பு மாணவர் எல்லோருக்கும் தெரியும்படி கிடந்தது. சோதனைக்கான காரணம் அவளிடம் சொல்லப்படவில்லை. யாருடைய உத்தரவின் பேரில், எந்தச் சுற்றறிக்கையின் கீழ் இது நடந்தது என்பதையும், சம்பவத்திரட்டில் என்ன பதியப்பட்டது என்பதையும் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறியத் தரவும்."

கோபமான பெயரடை ஒன்றும் இல்லை, ஆனால் மறுமொழி சொல்லாமல் இருக்கமுடியாத மூன்று கேள்விகள் இருக்கின்றன. நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத்தபால். மாகாணப் பாடசாலை என்றால் இன்னொரு பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து வலயங்கள், மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு. அம்பாறை மாவட்டத்தில் ஏழு, அம்பாறை, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், மகா ஓயா, தெகியத்தகண்டி. தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சுக்கே அனுப்பவேண்டும், பிழையான இடத்துக்கு அனுப்பினால் கடிதம் அங்கும் இங்கும் சுற்றும். சுற்றறிக்கையின் பிரதி தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

இந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் மாதம் கரைந்து போகிறது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கு மனு, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். வலயத்தில் விசாரணை நடக்கிறது என்பதற்காக அந்த மாதம் நிற்காது. கொழும்புக்கு ஓட முடியாதவர்களுக்கு இருக்கும் கதவு மனித உரிமைகள் ஆணைக்குழு, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன, தொலைபேசி 1996. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி அவர்களுடைய விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆதாரத்தையும் நீதிமன்றம் எதிர்பார்க்கும். முறைப்பாட்டு இலக்கம், அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதம், விசாரணைக்குப் போன திகதிகள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் வையுங்கள்.

உடம்பைத் தொட்டிருந்தால், அடித்திருந்தால், கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவு, அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. காயம் இருந்தால் பொலிஸ் தரும் சட்ட வைத்திய படிவத்தோடு வைத்தியசாலைக்குப் போகவேண்டும், இரண்டு நாள் கழித்துப் போனால் தழும்பு மங்கிவிடும். வாக்குமூலத்தை முழுவதும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது, அம்பாறை நகரப் பக்கம் போனாலும் உங்களுக்கு விளங்கும் மொழியில் எழுதச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தனியார் பாடசாலை என்றால் அடிப்படை உரிமை மனு பொதுவாக எடுபடாது, அது அரசின் செயலுக்கு எதிரானது. குற்றவியல் பிரிவுகள் அங்கேயும் அப்படியே பொருந்தும். மானத்துக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம், இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு, கல்முனை நிலையங்களுக்குப் போகலாம்.

பிள்ளையை ஒவ்வோர் அலுவலகத்திலும் நிறுத்தி அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அன்றிரவு எழுதிய தாளின் பிரதியைக் கொடுங்கள். மேலதிகமாகக் கேட்கவேண்டும் என்றால் பெண் உத்தியோகத்தர் ஒருவர், தனி அறையில், தாய் பக்கத்தில் இருக்க, ஒரே தடவையில் கேட்கட்டும் என்று சொல்லுங்கள்.